மீதியை என்ன செய்வது?
கல்முனைக் கரையோர வகுப்பறைகளுக்கான வகுத்தல் பயிற்சி வினாக்கள் பற்றி ஓர் ஆய்வு

12 கிலோ கீரி மீனை மூன்று வீட்டார் சமமாகப் பங்கிட்டால் ஒரு வீட்டுக்கு எவ்வளவு? அதே 12 கிலோவை மும்மூன்று கிலோவாகப் பைகளில் கட்டினால் எத்தனை பை? இரண்டையும் 12 ÷ 3 என்றே எழுதுகிறோம். இரண்டுக்கும் விடை 4. ஆனால் முதல் விடை 4 கிலோ, இரண்டாவது 4 பை. முதலாவதில் பங்குகளின் எண்ணிக்கை தெரியும், ஒரு பங்கின் அளவு தெரியாது. இரண்டாவதில் ஒரு பங்கின் அளவு தெரியும், பங்குகளின் எண்ணிக்கை தெரியாது. ஒரு பிள்ளையின் கையில் பன்னிரண்டு புளியங்கொட்டையைக் கொடுத்துச் செய்யச் சொன்னால் இந்த வேறுபாடு கண்முன் தெரியும். முதல் கணக்குக்கு மூன்று இடங்களில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வருவார். இரண்டாவதற்கு மூன்று மூன்றாக அள்ளி ஒதுக்குவார்.

வகுத்தல் பயிற்சி என்ற பெயரில் நம் பிள்ளைகள் செய்யும் வேலையில் இந்த வேறுபாட்டுக்குப் பெரும்பாலும் இடமில்லை. பக்கத்தின் தலைப்பில் ‘வகுக்க’ என்றிருக்கும். கீழே இருபது கணக்குகள் நிற்கும். முதலில் ஓரிலக்கத்தால், பிறகு ஈரிலக்கத்தால், பிறகு இன்னும் பெரிய எண்களால். எண் பெரிதாவதே பயிற்சியின் வளர்ச்சி என்று கொள்ளப்படுகிறது. இந்தக் கட்டுரையின் வாதம் வேறு. ஒரு வகுத்தல் வினாவின் தரம் அது பிள்ளையிடம் எத்தனை தீர்மானங்களைக் கேட்கிறது என்பதில்தான் இருக்கிறது. எதை வகுப்பது, எதனால் வகுப்பது, வந்த விடை எதைக் குறிக்கிறது, மிஞ்சியதை என்ன செய்வது என்ற நான்கு தீர்மானங்களையும் கேட்கும் வினாக்கள் அம்பாறைக் கரையோரத்தில், வடக்கே மருதமுனை முதல் தெற்கே பொத்துவில் வரை, வயலிலும் கடலிலும் தறியிலும் பள்ளிவாசலிலும் கிடக்கின்றன. அவற்றை வகுப்பறைக்குள் கொண்டுவருவது ஆசிரியரின் வேலை.

பிள்ளை ஏற்கெனவே அறிந்தது

வகுத்தலைக் கற்பிக்கத் தொடங்கும் முன்பே பிள்ளைக்கு வகுக்கத் தெரியும் என்பதற்கு உறுதியான சான்று உண்டு. 1993 இல் தோமஸ் கார்ப்பென்டரும் அவருடன் பணியாற்றியோரும் அமெரிக்காவில் பாலர் வகுப்புப் பிள்ளைகள் 70 பேரிடம் ஒன்பது கதைக்கணக்குகளைக் கொடுத்தனர். அவற்றுள் பங்கிடும் கணக்கு, அள்ளி ஒதுக்கும் கணக்கு, மீதி வரும் கணக்கு எல்லாம் இருந்தன. 32 பிள்ளைகள் ஒன்பதுக்கும் பொருத்தமான வழியைக் கையாண்டனர். 44 பேர் ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட கணக்குகளுக்குச் சரியான விடை கண்டனர். வகுத்தல் குறியை அறியாத, வாய்பாடு ஒப்புவிக்காத ஐந்தாறு வயதுப் பிள்ளைகள் இவர்கள். கதையில் நடப்பதைப் பொருள்களைக் கொண்டு அப்படியே நடத்திப் பார்த்தார்கள். அதுவே அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

பிரேசிலின் ரெசீஃபே நகரத் தெருக்களில் தேங்காயும் சோளமும் விற்ற சிறுவர் ஐவரை ஆராய்ந்த தெரெசின்யா நூனெஸ் குழுவினரின் 1985 ஆம் ஆண்டு ஆய்வும் இதே திசையைக் காட்டுகிறது. விற்கும் இடத்தில் வாடிக்கையாளரைப் போலக் கேட்டபோது நூற்றுக்கு 98 விடைகள் சரி. அதே கணக்குகளைக் கதையாக எழுதிக் கொடுத்தபோது 74. வெறும் எண்ணாகக் கொடுத்தபோது 37. கல்முனைச் சந்தையில் தந்தையுடன் உட்கார்ந்து சில்லறை எண்ணித் தரும் பிள்ளையின் நிலையும் இதிலிருந்து வேறுபட்டதாக இருக்க முடியாது. வகுப்பில் ‘கணக்கு வராது’ என்று ஒதுக்கப்படும் பிள்ளையைப் பற்றிப் பேசும் முன், கணக்கு எந்த உருவில் அந்தப் பிள்ளையிடம் கொடுக்கப்பட்டது என்று கேட்க வேண்டும்.

ஆகவே முதற்கட்டப் பயிற்சியில் இரண்டு வகைக் கணக்குகளும் ஒரே நாளில், ஒரே எண்களோடு, அடுத்தடுத்து வரவேண்டும். ‘18 மாங்காயை ஆறு பேருக்குச் சமமாகக் கொடுத்தால் ஒருவருக்கு எத்தனை?’, ‘18 மாங்காயை ஆறு ஆறாகக் கூறு கட்டினால் எத்தனை கூறு?’ இரண்டையும் பிள்ளை படம் போட்டுக் காட்ட வேண்டும். ஆசிரியர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: “இரண்டு படத்திலயும் மூன்று எங்க இருக்கு?” ஒரு படத்தில் ஒவ்வொரு பங்கிலும் மூன்று இருக்கும். மற்றதில் மூன்று கூறுகள் இருக்கும். இதைப் பார்த்துச் சொல்லக்கூடிய பிள்ளைக்குப் பிறகு பெரிய எண்கள் அச்சம் தருவதில்லை.

மீதிக்கு நான்கு வழிகள்

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தேசியக் கல்வி மதிப்பீட்டில் பதின்மூன்று வயது மாணவர்களிடம் ஒரு கணக்குக் கேட்கப்பட்டது. ஒரு பேருந்தில் 36 படைவீரர் செல்லலாம். 1,128 பேரை ஏற்றிச் செல்ல எத்தனை பேருந்து வேண்டும்? நூற்றுக்கு 70 பேர் வகுத்தலைப் பிழையின்றிச் செய்தனர். ஆனால் 29 பேர் ‘31, மீதி 12’ என்று எழுதினர். 18 பேர் மீதியைக் கைவிட்டு 31 என்றனர். 32 என்று சரியாக எழுதியவர் 23 பேர்தான். மீதிப் பன்னிரண்டு பேர் தெருவில் நிற்கிறார்கள் என்பது மற்றவர்களுக்குத் தோன்றவில்லை.

இந்த மாணவர்கள் வகுக்கத் தெரியாதவர்கள் அல்லர். மீதியைப் பற்றி யோசிக்கும்படி யாரும் அவர்களைக் கேட்கவில்லை. இருபது கணக்குகளிலும் ‘மீதி’ என்று எழுதி ஓர் எண்ணைப் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்து பழகியவர்களுக்கு, இருபத்தோராவது கணக்கில் மட்டும் அந்த எண் மனிதராக மாறாது.

இதற்கான மாற்று எளியது. எண்களை மாற்றாமல் சூழலை மட்டும் மாற்ற வேண்டும். 53 ÷ 8 என்ற ஒரே வகுத்தலை எடுத்துக்கொள்வோம். ஈவு 6, மீதி 5.

ஒன்று: ஒரு வேனில் 8 பிள்ளைகள் செல்லலாம். ஒலுவில் கடற்கரைக்குச் சுற்றுலா செல்லும் 53 பிள்ளைகளுக்கு எத்தனை வேன் வேண்டும்? விடை 7.

இரண்டு: ஒரு பெட்டியில் 8 முட்டை வைக்கலாம். 53 முட்டையில் எத்தனை பெட்டிகளை முழுமையாக நிரப்பலாம்? விடை 6.

மூன்று: 53 தேங்காயை எட்டு வீட்டுக்குச் சமமாகக் கொடுத்து, மிஞ்சியதைப் பள்ளிவாசல் கஞ்சிக்குக் கொடுக்கிறார்கள். கஞ்சிக்கு எத்தனை தேங்காய்? விடை 5.

நான்கு: 53 கிலோ அரிசியை எட்டுக் குடும்பங்களுக்குச் சமமாகப் பிரித்தால் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு? விடை 6 கிலோ 625 கிராம்.

ஒரே வகுத்தலுக்கு நான்கு விடைகள், நான்கும் சரி. முதலாவதில் மீதி ஈவைக் கூட்டுகிறது. இரண்டாவதில் விடப்படுகிறது. மூன்றாவதில் அதுவே விடையாகிறது. நான்காவதில் அதுவும் பிரிக்கப்படுகிறது. தேங்காயைப் பிளந்து பங்கிடுவதில்லை, அரிசியைப் பிரிக்கலாம், பிள்ளையைப் பாதியாக ஏற்றமுடியாது. இந்த அறிவு பிள்ளைக்கு வீட்டிலிருந்தே வருகிறது. வினா அதை அழைத்தால் போதும். இந்த நான்கையும் ஒரே பக்கத்தில் வைத்து, ‘வகுத்தல் ஒன்று, விடை ஏன் நான்கு?’ என்று ஒரு பாடவேளை முழுவதும் பேசுவது, நாற்பது எண்கணக்குகளைத் தனியே செய்வதைவிடக் கூடிய பயன் தரும்.

நூறு, பத்து, ஒன்று

எண்கணக்கே வேண்டாம் என்பது இதன் பொருள் அன்று. நீண்ட வகுத்தலில் கை பழகத்தான் வேண்டும். ராபர்ட் சீக்லரும் அவருடன் ஆய்ந்தோரும் 2012 இல் வெளியிட்ட ஆய்வில், பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் பத்து வயதளவில் பின்னமும் வகுத்தலும் நன்றாக அறிந்திருந்த பிள்ளைகளே பிற்காலத்தில் உயர்நிலைக் கணிதத்திலும் சிறந்து நின்றது தெரிந்தது. குடும்ப வருமானத்தையும் பொது அறிவுத்திறனையும் கணக்கில் எடுத்த பிறகும் இந்தத் தொடர்பு நிலைத்தது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் வயது அது. அந்த ஆண்டில் கடந்தகால வினாத்தாள்களை ஓட்டமாகச் செய்யவைப்பதோடு நம் கவலை முடிந்துவிடக் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம்.

நீண்ட வகுத்தலில் ஒவ்வொரு வரியும் எதைச் செய்கிறது என்பதைப் பணத்தைக் கொண்டு காட்டலாம். 745 ரூபாயை மூவருக்குப் பங்கிட வேண்டும். கையில் ஏழு நூறு ரூபாய்த் தாள், நான்கு பத்து ரூபாய், ஐந்து ஒரு ரூபாய். ஆளுக்கு இரண்டு நூறு போக ஒரு நூறு மிஞ்சும். அதைப் பத்துப் பத்தாக மாற்றினால் பத்துகள் 14. ஆளுக்கு நான்கு போக இரண்டு மிஞ்சும். அவற்றையும் மாற்றினால் ஒன்றுகள் 25. ஆளுக்கு எட்டுப் போக ஒன்று மிஞ்சும். ஆளுக்கு 248, மீதி 1. ‘அடுத்த இலக்கத்தை இறக்கு’ என்று மனனமாகச் சொல்லும் படிக்குப் பின்னால் இருப்பது இந்தச் சில்லறை மாற்றல்தான். ஒரு தடவை பிள்ளை கையால் மாற்றிவிட்டால், எழுத்தில் செய்யும் ஒவ்வொரு படிக்கும் காரணம் தெரிந்துவிடும்.

பயிற்சி வினாக்கள் பிள்ளைகள் தவறும் இடங்களைத் தேடிச் செல்ல வேண்டும். மிகப் பரவலான ஒரு தவறு ஈவில் வரும் பூச்சியத்தை விடுவது. 824 ஐ 8 ஆல் வகுத்து 13 என்று எழுதுவார்கள். சரியான விடை 103. இதைத் திருத்த இன்னும் பத்துக் கணக்குக் கொடுப்பதைவிட, விடையை முன்பே மதிப்பிடும் வினாவே உதவும். ‘824 ரூபாயை எட்டுப் பேர் பங்கிட்டார்கள். ஆளுக்கு 13 ரூபாய் என்று ஒருவர் சொன்னார். வகுத்துப் பார்க்காமலே அது தவறு என்று எப்படிச் சொல்வாய்?’ எட்டுப் பேருக்கு நூறு நூறாகக் கொடுத்தாலே 800 ஆகிவிடும் என்று சொல்லும் பிள்ளை, பூச்சியத்தை இனி எளிதில் விடாது. அதைப் போலவே ஈவை வகுத்தியால் பெருக்கி மீதியைக் கூட்டிச் சரிபார்ப்பதும் ஒவ்வொரு பயிற்சியிலும் ஒரு பகுதியாக வேண்டும். தன் விடை சரியா என்று தெரிந்துகொள்ள ஆசிரியரின் சிவப்புப் பேனைக்காகக் காத்திராத பிள்ளையை உருவாக்குவதே இதன் நோக்கம்.

வயலும் கடலும் தறியும்

1942 இல், போர்க்கால உணவுத் தட்டுப்பாட்டின்போது, உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்காக ஏ. எம். ஏ. அஸீஸ் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டார். வயல்களைக் கவனிக்க வந்த அந்த அதிகாரி அதே ஆண்டில் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் உருவாகவும் காரணமானார். பிற்காலத்தில் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக நாடறியப் புகழ்பெற்றார். வயலையும் பள்ளிக்கூடத்தையும் ஒருசேரப் பார்த்த அந்தப் பார்வை இந்த மண்ணின் கணிதக் கல்விக்கும் வேண்டியிருக்கிறது.

வேளாண்மை வெட்டு முடிந்ததும் விளைச்சலுக்கு ஸக்காத் கணக்கிடுவார்கள். உரிய குறைந்த அளவை எட்டிய விளைச்சலில், மழையை மட்டும் நம்பிய வயலுக்குப் பத்தில் ஒன்று. செலவிட்டு நீர் பாய்ச்சிய வயலுக்கு இருபதில் ஒன்று. 1949 இல் வேலை தொடங்கி, இங்கினியாகலை அணையால் சேனாநாயக்க சமுத்திரத்தை உருவாக்கிய கல்லோயாத் திட்டம் இந்தக் கரையோர வயல்களின் நீர்நிலையை மாற்றியது. இரண்டு வகை வயல்களையும் அறிந்த பிள்ளைகள் இன்றும் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். 2,400 கிலோ நெல்லில் பத்தில் ஒன்று 240 கிலோ. இருபதில் ஒன்று 120 கிலோ. வகுத்தி இரு மடங்கானால் ஈவு பாதியாகிறது. இருபது பத்தைவிடப் பெரிது என்பதால் இருபதில் ஒன்றும் பெரிது என்று எண்ணும் பிள்ளைக்கு, இந்த வினா வெறும் விதியைச் சொல்லாமல் காரணத்தையும் தருகிறது. நீருக்காகச் செலவழித்தவரின் பொறுப்புக் குறைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே விடை சிறியதாகத்தான் இருக்க வேண்டும்.

கரைவலை இழுக்கும் இடத்தில் வகுத்தல் பல படிகளில் நடக்கிறது. பங்கு முறை ஊருக்கு ஊர், வலைக்கு வலை மாறும். ஆசிரியர் அந்த ஊர் மீனவரிடமே கேட்டு எழுதுவது நல்லது. மாதிரிக்கு ஒரு முறையை வைத்துக்கொள்வோம். விற்ற பணம் 36,000 ரூபாய். செலவு 4,800. செலவு போக மிஞ்சியதில் பாதி வலை உடையவருக்கு. மறுபாதி வலை இழுத்த பன்னிருவருக்குச் சமமாக. 31,200 இல் பாதி 15,600. அதைப் பன்னிருவருக்குப் பிரித்தால் ஆளுக்கு 1,300 ரூபாய். இங்கே கழித்தல், பாதியாக்கல், வகுத்தல் மூன்றும் வருகின்றன, அவை எந்த ஒழுங்கில் வரவேண்டும் என்பதையும் பிள்ளையே தீர்மானிக்கிறது. செலவைக் கழிக்கும் முன்பே பாதியாக்கினால் யாருக்கு நட்டம் என்று தொடர்ந்து கேட்டால், கணக்கு நீதி பற்றிய கேள்வியாக விரிகிறது.

மருதமுனையின் கைத்தறிகள் நீளத்தை வகுக்கக் கற்றுத்தரும். ஒரு பாவில் நெய்த துணி எத்தனை சாரமாக வெட்டப்படும், மிஞ்சும் துண்டு எதற்கு உதவும் என்பது அள்ளி ஒதுக்கும் வகை வகுத்தல். ஹஜ்ஜுப் பெருநாளில் ஒரு மாட்டில் ஏழு பேர் கூட்டுச் சேர்ந்து குர்பான் கொடுப்பது பங்கிடும் வகை வகுத்தல். 126 கிலோ இறைச்சியில் ஒருவரின் பங்கு 18 கிலோ. அந்தப் பங்கை வீட்டுக்கு, உறவினருக்கு, ஏழைகளுக்கு என மூன்றாக்கினால் ஒவ்வொன்றும் 6 கிலோ. ஏழால் வகுத்து மூன்றால் வகுப்பதும் இருபத்தொன்றால் வகுப்பதும் ஒன்றா என்று இங்கே கேட்கலாம். ஏழாம் வாய்பாட்டில் தடுமாறும் பிள்ளைக்கு இந்த ஏழு மறக்காது.

இந்த வினாக்களை எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊர்ப் பெயரையும் மீன் பெயரையும் ஒட்டிவிடுவதால் மட்டும் ஒரு கணக்கு உயிர் பெறாது. ‘காசிம் 96 வாளைமீனை 8 ஆல் வகுத்தார்’ என்று எழுதினால் அதில் கடல் இல்லை. சூழல் தன் விதியைக் கணக்குக்குக் கொடுக்க வேண்டும்: தேங்காய் பிளக்கப்படாது, செலவு முதலில் கழியும், மாட்டில் ஏழு பங்குக்கு மேல் இல்லை. அந்த விதிதான் பிள்ளையைச் சிந்திக்கவைக்கிறது.

வகுத்தால் பெருகுமா?

எஃப்ரைம் ஃபிஷ்பைனும் அவருடன் ஆராய்ந்தோரும் 1985 இல் இத்தாலிய மாணவரிடையே கண்டது, வகுத்தல் பற்றிய முதற்படிமங்கள் எவ்வளவு ஆழமாக நிலைத்துவிடுகின்றன என்பது. பங்கிடும் கணக்கையே நெடுநாள் செய்து பழகிய பிள்ளைக்கு, வகுத்தி முழு எண்ணாக இருக்க வேண்டும், வகுபடுமெண்ணைவிடச் சிறியதாக இருக்க வேண்டும், விடை எப்போதும் குறைய வேண்டும் என்ற எண்ணங்கள் சொல்லாமலே படிந்துவிடுகின்றன. பிறகு அரையால் வகுக்க வரும்போது அவர்கள் தடுமாறுகிறார்கள். அரை ஆளுக்கு எப்படிப் பங்கிடுவது?

அள்ளி ஒதுக்கும் வகையைத் தொடக்கத்திலிருந்தே கற்பித்திருந்தால் இந்தத் தடை இல்லை. 5 கிலோ மாவை அரைக்கிலோப் பைகளில் கட்டினால் பத்துப் பை. வகுத்தோம், எண் பெருகிவிட்டது. பையில் உள்ளது குறைந்ததால் பைகள் கூடின. நோன்புப் பெருநாளுக்கு முன் கொடுக்கும் ஸக்காத்துல் ஃபித்ர் இந்தப் பாடத்துக்கு ஏற்ற மற்றொரு களம். ஆளுக்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ அரிசி என்று கொண்டால், 25 கிலோ மூட்டை எத்தனை பேருக்குரியது? பத்துப் பேருக்கு. ஒன்பது பேருள்ள வீட்டுக்கு எவ்வளவு மிஞ்சும்? இரண்டரைக் கிலோ. தசமத்தால் வகுப்பது உயர்தர வேலை என்று பயமுறுத்தப்பட்ட பிள்ளை, றமழான் மாதத்தில் வீட்டில் கேட்ட பேச்சைக் கொண்டே அதைச் செய்துவிடும்.

ஆசிரியருக்கும் இந்தத் தெளிவு வேண்டும். லிப்பிங் மா 1999 இல் வெளியிட்ட நூலில், அமெரிக்க ஆசிரியர்களிடமும் சீன ஆசிரியர்களிடமும் ஒன்றே முக்காலை அரையால் வகுத்து, அதற்கு ஒரு கதைக்கணக்கும் சொல்லும்படி கேட்டதைப் பதிவு செய்கிறார். அமெரிக்க ஆசிரியர் 23 பேரில் சரியாகக் கணித்தவர்கள் பாதிக்கும் குறைவு. பொருளில் பிழையில்லாத கதையைச் சொன்னவர் ஒருவரே. பலர் சொன்ன கதைகள் அரையால் வகுப்பதற்குப் பதிலாக இரண்டால் வகுப்பதாக இருந்தன. சீன ஆசிரியர் 72 பேரும் சரியாகக் கணித்தனர். பத்தில் ஒன்பது பேர் பொருத்தமான கதையும் சொன்னார்கள். ஒன்றே முக்கால் கிலோ மாவை அரைக்கிலோப் பையில் கட்டினால் மூன்றரைப் பை. இந்த ஒரு கணக்குக்குக் கதை சொல்லச் சொல்வதே அட்டாளைச்சேனையில் ஆசிரியப் பயிற்சி பெறும் இளைஞர்களுக்கு மிகச் சிறந்த பயிற்சி வினாவாக இருக்கும்.

இருபத்துநான்கு இருபத்தேழான கணக்கு

இஸ்லாமிய உலகில் வகுத்தல் உயர்ந்த கலையாக வளர்ந்தது வாரிசுரிமைக் கணக்கில்தான். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி எழுதிய இயற்கணித நூலின் ஏறத்தாழ பாதி, மரண சாசனத்தையும் சொத்துப் பங்கீட்டையும் பற்றியது. மக்களுக்கு அன்றாடம் தேவைப்படும் பங்கீட்டுக் கணக்கு அந்தப் புதிய துறைக்குப் பெரும் பயிற்சிக்களமாக இருந்தது. இலங்கையில் 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்க முஸ்லிம் மரண சாசனமில்லா வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தின் கீழ், மார்க்கப் பிரிவுக்கேற்ற பங்கீடு இன்றும் செல்லுபடியாகிறது. ஆகவே கல்முனை மாணவருக்கு இது வரலாற்றுப் பாடமாக நின்றுவிடாது, குடும்பத்தில் நேரில் சந்திக்கும் கணக்காகவும் இருக்கிறது.

குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம் வகுத்துச் சொல்லும் பங்குகள் ஆறு: பாதி, கால், எட்டில் ஒன்று, மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று. எளிய ஒரு நிலையை முதலில் பார்ப்போம். ஒருவர் மனைவியையும் ஒரு மகனையும் ஒரு மகளையும் விட்டு இறந்தார். கடன் முதலியன போக மிஞ்சிய சொத்து 24 இலட்சம் ரூபாய். மனைவிக்கு எட்டில் ஒன்று, 3 இலட்சம். எஞ்சிய 21 இலட்சம் மகனுக்கும் மகளுக்கும் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில்: 14 இலட்சம், 7 இலட்சம். சமமற்ற பங்குகளாக வகுப்பதற்கு இது நேரான எடுத்துக்காட்டு. 21 ஐ இரண்டால் வகுப்பதா, மூன்றால் வகுப்பதா என்பதே மாணவர் எடுக்கவேண்டிய தீர்மானம்.

அடுத்தது புகழ்பெற்ற ஒரு கணக்கு. மனைவி, இரு மகள்மார், தாய், தந்தை எஞ்சியிருக்கிறார்கள். மனைவிக்கு எட்டில் ஒன்று, மகள்மார் இருவருக்குமாக மூன்றில் இரண்டு, தாய்க்கும் தந்தைக்கும் தலா ஆறில் ஒன்று. சொத்தை 24 கூறாக்கினால் 3, 16, 4, 4. கூட்டினால் 27. இருப்பது 24 கூறு, கேட்பது 27. இதைப் பள்ளிவாசல் மிம்பரில் நின்றிருந்த அலி (ரழி) அவர்களிடம் கேட்டபோது, மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாயிற்று என்று உடனே விடை சொன்னதாக மரபு கூறுகிறது. அதனால் இக்கணக்கு மிம்பரிய்யா எனப் பெயர் பெற்றது. தீர்வு இதுதான்: கூறுகளின் எண்ணிக்கையையே 27 ஆக்கி, ஒவ்வொருவருக்கும் அதே 3, 16, 4, 4 கூறுகளைக் கொடுப்பது. சொத்து 27 இலட்சமானால் மனைவிக்கு 3 இலட்சம், மகள்மாருக்குத் தலா 8 இலட்சம், பெற்றோருக்குத் தலா 4 இலட்சம். குறை எல்லோர் மீதும் அவரவர் பங்குக்கு ஏற்ற விகிதத்தில் விழுகிறது, எவரும் விடுபடுவதில்லை.

பத்தாம் பதினோராம் தர மாணவர்களுக்கு இதைவிடச் செறிந்த பின்ன வினாவை உருவாக்குவது கடினம். பொது மடங்கு, சமவலுப் பின்னம், விகிதம், சரிபார்த்தல் எல்லாம் ஒரே கணக்கில் வருகின்றன. பங்குகளைக் கூட்டிப் பார்க்கவில்லையென்றால் 24 போதாது என்பதே தெரியாது. சரிபார்ப்பது நேர்மையின் ஒரு பகுதி என்று இந்தக் கணக்கு கற்பிக்கிறது. ஆனால் இத்தகைய வினாக்களைக் கொடுப்பதில் கவனம் வேண்டும். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை இந்தக் கரையில் எத்தனையோ குடும்பங்களிலிருந்து உயிர்களைக் கொண்டுபோனது. இறப்பைப் பேசும் கணக்குகளை மேல் வகுப்புகளுக்கு வைத்துக்கொள்வதும், அண்மையில் பெற்றோரை இழந்த மாணவர் வகுப்பில் இருந்தால் தவிர்ப்பதும் ஆசிரியரின் பண்பு.

வினாக்களை அடுக்கும் முறை

நல்ல வினாக்களையும் தவறாக அடுக்கினால் பயன் குறையும். 2007 இல் டக் ரோரரும் கெல்லி டெய்லரும் நடத்திய ஆய்வில், கல்லூரி மாணவரில் ஒரு பிரிவினர் நான்கு வகைக் கணக்குகளை வகை வகையாகவும், மறு பிரிவினர் கலந்தும் பயின்றனர். பயிலும்போது வகை வகையாகச் செய்தவர்களே முன்னின்றனர். ஒரு வாரம் கழித்து நடந்த சோதனையில் கலந்து பயின்றவர் நூற்றுக்கு 63 பெற்றனர். வகைப்படுத்திப் பயின்றவர் 20. காரணம் விளங்கக்கூடியது. ஒரே வகைக் கணக்குகள் வரிசையாக வரும்போது என்ன செய்வது என்று மாணவர் யோசிக்கவேண்டியதில்லை. எப்படிச் செய்வது என்பது மட்டுமே மிஞ்சுகிறது. பரீட்சையிலும் வாழ்க்கையிலும் முதலில் வருவது என்ன செய்வது என்ற கேள்வி.

ஆகவே புதிதாகக் கற்பிக்கும் நாளில் ஒரே வகையாகச் சில கணக்குகள் போதும். அதன் பின் வரும் பயிற்சிகளில் பெருக்கலும் கழித்தலும் இருவகை வகுத்தலும் கலந்து வரவேண்டும், பக்கத்தின் தலைப்பில் ‘வகுத்தல்’ என்று எழுதக் கூடாது. இடையிடையே விடையில்லாத வினாவும் வேண்டும். 1979-80 இல் பிரான்சின் கிரெனோபில் நகரில், கப்பலில் 26 செம்மறியும் 10 வெள்ளாடும் இருந்தால் கப்பல் தலைவரின் வயது என்ன என்று கேட்டபோது, 97 பிள்ளைகளில் 76 பேர் கொடுத்த எண்களைக் கொண்டே ஒரு வயதைக் கணித்தனர். எண்களைக் கண்டவுடன் ஏதாவது செய்தாக வேண்டும் என்று பழக்கப்பட்ட பிள்ளைக்கு, ‘இதற்குத் தேவையான செய்தி இல்லை’ என்று எழுதும் துணிவு பயிற்சியால்தான் வரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளைகளே வினா எழுத வேண்டும். ‘24 ÷ 6 வரும்படி உன் வீட்டிலிருந்து இரண்டு கதை எழுது, ஒன்று பங்கிடுவது, மற்றது கூறு கட்டுவது’ என்ற வீட்டுவேலை, பிள்ளை வகுத்தலை எவ்வளவு விளங்கியிருக்கிறது என்பதை ஒரு முழு வினாத்தாளைவிடத் தெளிவாகக் காட்டும்.

செய்யக்கூடியது

தமிழில் கணக்குக் கற்பித்தலுக்கு நீண்ட மரபுண்டு. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை மனனம் செய்த பிள்ளைகள் முந்திரி என்னும் 320 இல் ஒரு பங்கு வரை சொல்லிப் பழகினார்கள். செந்தில் பாபு தம் ஆய்வுகளில் காட்டுவதுபோல், அந்த மனனம் நிலம் அளக்கும், நெல் அளக்கும், கூலி கொடுக்கும் உலகோடு இணைந்திருந்தது. மனனம் நம்மிடம் இன்னும் இருக்கிறது; அந்த இணைப்பு மெலிந்துவிட்டது.

அதை மீட்கப் பெரிய நிதி வேண்டியதில்லை. கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று வலயங்களின் ஆரம்பக்கல்வி ஆசிரியர்கள் தவணைக்கு ஒருமுறை கூடி, ஒவ்வொருவரும் தம் ஊரிலிருந்து சில வினாக்களைக் கொண்டுவரலாம். ஒவ்வொரு வினாவிலும் நான்கு விடயங்களைக் குறிக்க வேண்டும்: எந்த வகை வகுத்தல், மீதிக்கு என்ன நேர்கிறது, எந்தத் தவறை வெளிக்கொணரும், விடையை எப்படிச் சரிபார்ப்பது. வகுப்பில் கொடுத்துப் பார்த்து, பிள்ளைகள் எழுதிய விடைகளோடு திரும்பவும் கூடித் திருத்த வேண்டும். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் அந்த விடைகளைத் தொகுத்து ஆராய்ந்தால், தமிழ்மொழி மூலம் கற்கும் பிள்ளைகள் வகுத்தலில் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது பற்றி நமக்கே உரிய சான்றுகள் கிடைக்கும். இன்று ரெசீஃபேயையும் கிரெனோபிலையும் மேற்கோள் காட்டும் இடத்தில் நிந்தவூரையும் சாய்ந்தமருதையும் காட்ட முடியும்.

புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும்போது பெற்றோர் பயிற்சித்தாள்களை எடைபோட்டு வாங்குவதுபோல் வாங்குகிறார்கள். அவர்களின் அக்கறை உண்மையானது, அதை மதிக்க வேண்டும். அந்த அக்கறைக்கு ஈடாக நாம் தரவேண்டியது, பிள்ளை நின்று யோசிக்கும் பத்து வினாக்கள். வகுத்தலைப் புரிந்து கற்ற பிள்ளை நாளை வலைப் பங்கிலும் வயல் பங்கிலும் வாரிசுப் பங்கிலும் தன் கணக்கைத் தானே பார்க்கும். பிறர் பங்கு குறையாமலும் பார்க்கும். கணிதக் கல்வி ஓர் ஊருக்குச் செய்யக்கூடிய நன்மைகளில் இதைவிடப் பெரியது அதிகம் இல்லை.